மாடு கட்டிய வீட்டுச் சமையல்

கறவை மாடு கட்டியிருக்கிற வீட்டில் பாலும் தயிரும் குறைவில்லாமல் இருக்கும் என்று பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் எண்ணுவது இயல்பே. ஆனால், தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் சாலையில் உள்ள மணிமங்கலத்தில், ஏரிப் பாசனத்தை நம்பிக் கொஞ்சம் நஞ்சையும், நஞ்சை கைவிட்ட வருஷங்களில் குடும்பத்தைத் தாங்குவதற்கென்று இரண்டொரு கறவைகளையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளிய எங்களைப் போன்ற சிறு குடித்தனக்காரர்களின் வீடுகளில், நான் சிறுவனாக இருந்த 1960-களில், பால் என்பது கண்ணுக்குப் பரிச்சயமான பதார்த்தமாக இருந்ததே ஒழிய நாவுக்குப் பரிச்சயமான பதார்த்தமாக இருந்ததில்லை.

விடியற்காலையில் அப்பா கறந்து வைக்கும் பாலை, நுரை அடங்குவதற்குள் பால்காரர் வந்து அளந்து, சைக்கிளின் இருபுறமும் தொங்கிய கேன்களில் ஊற்றிக்கொண்டு தாம்பரத்துக்குப் போய்விடுவார்; அந்தப் பணந்தான் பிண்ணாக்குக்கும், மளிகைக் கடை பாக்கிக்கும், எங்கள் பள்ளிக்கூடச் செலவுக்கும், நடவு சமயத்தில் ஆள் கூலிக்கும் ஆதாரம். கைக்குழந்தை இருந்தாலோ, யாருக்காவது காய்ச்சல் வந்தாலோ, சம்பந்தி வீட்டார் வந்துவிட்டாலோ ஓர் ஆழாக்கு நிறுத்திவைக்கப்படும். மற்றப்படி நாங்கள் குடித்தது வெல்லம் போட்ட கடுங்காப்பி. பாலே வெளியே போய்விடுகிற வீட்டில் தயிர் ஏது, மோர் ஏது, நெய் ஏது? ஆகவே, இந்நாளில் சிலர் கொள்கையாக ஏற்றுக்கொண்டு, பாலும் நெய்யும் சேராத, பிராணிகளிடமிருந்து எதையும் பெறாத ஆகாரத்தைத் தேடிப் புத்தகமும் பாத்திரமும் வாங்குவதைப் பார்க்கும்போது, அந்தச் சமையலை எந்தக் கொள்கையும் இல்லாமல், செலவுக் கணக்கின் நிர்ப்பந்தத்தால் மட்டுமே, எங்கள் ஆயா வருஷத்தில் பெரும் பகுதி நடத்திவந்தாள் என்பது ஞாபகத்துக்கு வருகிறது.

நிர்ப்பந்தத்தால் பிறந்த சமையல் என்பதால் அது ருசியில் குறைந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். புரட்டாசி பிறந்து மார்கழி முடிகிற வரையில் எங்கள் கொல்லை கொடுத்ததைப் போன்ற காய்களை நான் பிற்காலத்தில் எந்த ஊர் மார்க்கெட்டிலும் கண்டதில்லை. ஆடிப்பட்டத்தில் ஆயா ஊன்றிய விதைகள், ஆவணித் தூறலில் கொடியோடி, புரட்டாசியில் பீர்க்கும் புடலும் பாகலுமாய்ப் பந்தலில் தொங்க, பறங்கிக்கொடி மாட்டுக் கொட்டகையின் கூரைமேல் ஏறிக் காயைக் கீற்றுக்கிடையே மறைத்துவைக்க, ஐப்பசிப் பனி இறங்கியதும் அவரை பூத்து, கார்த்திகையில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் சேப்பங்கிழங்கும், கிணற்றடியில் வாழையும், குப்பைமேட்டில் யாரும் விதைக்காமலே முளைக்கீரையும் தண்டுக்கீரையும் இருக்கும். சரத்ருது என்று சாஸ்திரக்காரர்கள் சொல்லும் ஐப்பசியும் கார்த்திகையும், அவற்றின் இருபுறத்து மாதங்களுமே இந்தப் பிரதேசத்துச் சமையலறைக்குச் செழிப்பான காலம்.

அந்தச் செழிப்புக்கு மூலம் ஏரி. மணிமங்கலத்தின் பெயரைச் சரித்திரம் படித்தவர்கள் வேறு காரணத்துக்காக அறிவார்கள்: ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியைப் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் முறியடித்தான் என்று கூரம் செப்பேடு கூறுகிறது; ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் சோழ மன்னர்கள் காலத்துச் சாஸனங்கள் இருக்கின்றன. ஊருக்கு அந்தக் கீர்த்தியெல்லாம் உண்டு. எங்கள் வீட்டாருக்கோ, ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து உபரி நீர் அடையாற்றை நோக்கிப் போகிற வருஷம் நல்ல வருஷம், அவ்வளவுதான்.

புரட்டாசி மாதத்துக்கு மட்டும் தனி அனுஷ்டானம் இருந்தது. ஏரி மீனும் கருவாடும் மற்ற மாதங்களில் எங்கள் அடுப்பில் வேகாதவை அல்ல; புரட்டாசி முதல் தேதி பிறப்பதற்கு முன்பே ஆயா மீன்சட்டியைத் தேய்த்துப் பரணில் கவிழ்த்துவிடுவாள். சனிக்கிழமைகளில் நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு, செம்பைக் கையில் ஏந்தி, ‘கோவிந்தா’ என்று வீடு வீடாய்க் குரல் கொடுத்து அரிசி வாங்கி வருவது சிறுவர்களான எங்கள் வேலை. கடைசிச் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போடுகிற அன்று மட்டும் பால்காரருக்குப் பால் குறையும். மாவிளக்கில் ஏற்ற நெய்யும், தளிகையில் வைக்கத் தயிர்சாதமும் வேண்டுமே! வருஷத்தில் எங்கள் வீட்டில் காய்ச்சிய நெய்யின் பெரும்பங்கு அந்த மாவிளக்கின் திரியில்தான் எரிந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

மற்ற நாட்களின் சமையலைச் சொல்கிறேன். ஆயாவின் கையில் சிறப்பாக அமைந்தது பறங்கிக்காயும் காராமணியும் போட்ட புளிக்குழம்பு. காராமணியை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, மண்சட்டியில் தண்ணீர் விட்டுக் குழையாமல் வேகவைத்துக்கொள்வாள். மிளகாயும் தனியாவும் ஐந்தாறு சின்ன வெங்காயமும் அம்மியில் மை போல் அரைபடும். புளியை மட்டும் நீர்க்கக் கரைப்பாள். ‘புளி கெட்டியா இருந்தா காயோட தித்திப்பு செத்துப்போயிடும்’ என்பது அவள் அபிப்பிராயம். பறங்கிக்காயைத் தோல் சீவாமல், அருவாமனையில் பெரிய பெரிய துண்டங்களாக நறுக்கி, புளியும் அரைத்ததும் கொதித்துப் பச்சை வாசனை போன பிறகே, வெந்த காராமணியோடு சேர்த்துப் போடுவாள். ஏனெனில் அது சீக்கிரம் கரைந்துவிடுகிற காய், தோல் இருந்தால்தான் துண்டம் துண்டமாய் நிற்கும். கடைசியில், கடுகும் வெந்தயமும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டி, சட்டியை இறக்கிய பிற்பாடு இன்னும் ஒரு கரண்டி செக்கு நல்லெண்ணெயைப் பச்சையாக மேலே விட்டு மூடிவைப்பாள். காலையில் வைத்த குழம்பு ராத்திரிக்கு இன்னும் நன்றாக இருக்கும். நெய் ஊற்றிச் சாப்பிட வேண்டும் என்ற எண்ணம் அந்தக் குழம்பைச் சாப்பிட்ட யாருக்கும் வந்திருக்க நியாயமில்லை.

கீரை கடைவதில் ஒரு நுட்பம். சட்டியை மூடாமல் வேகவைக்க வேண்டும் என்பது அவள் விதி. மூடினால் கீரை கறுத்துவிடும் என்பாள். வேகும்போது கீரையிலிருந்து ஆவியாகிற அமிலங்கள் மூடியில் பட்டுத் திரும்பக் கீரையிலேயே விழுந்தால் பச்சை நிறம் மங்கிவிடுகிறது என்று, வெகு காலத்துக்குப் பிறகு, ரசாயனம் போதித்த நண்பர் ஒருவர் எனக்கு விளக்கினார். பூண்டும் பச்சைமிளகாயும் சேர்த்து வெந்த கீரையை மத்தால் கடைந்து இறக்கியதும், அதன் தலையில் கொட்டுகிற தாளிப்பில்தான் எங்கள் பக்கத்துச் சமையலின் ரகசியம் இருக்கிறது. அதுதான் வெங்காய வடகம்.

சித்திரை, வைகாசி வெயிலில், சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாய் இடித்து, கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், வெந்தயம், மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, இரவில் பானையில் மூடிவைப்பதும் பகலில் பாயில் உலர்த்துவதுமாய்ப் பல நாள் பக்குவம் பண்ணி, கறுத்த உருண்டைகளாகப் பிடித்துச் சேமித்து வைப்பார்கள். ஓர் உருண்டையில் கொஞ்சம் உதிர்த்துக் காய்ந்த எண்ணெயில் போட்டால் எழுகிற வாசனை தெருக்கோடி வரை போகும். ஐப்பசி மழையில் வெயிலே காணாத நாளில், கோடையின் வெயிலை எடுத்துக் கீரையில் போட்டாற்போல் இருக்கும். கொழுப்பும் மணமும் வேண்டித்தானே நெய்யை நாடுகிறோம்? அவ்விரண்டையும் வடகமும் எண்ணெயும் கொடுத்துவிட்டால் நெய்யின் காரியம் நிறைவேறிவிடுகிறது.

மோர் தேவைப்படுகிற இடங்களிலும் அவளுக்கு மாற்று இருந்தது. வாழைப்பூவை ஆய்ந்ததும், வாழைத்தண்டை நறுக்கியதும், கறுக்காமலும் துவர்க்காமலும் இருக்க மோரில் போடுவது வழக்கம்; எங்கள் வீட்டில் அரிசி களைந்த கழுநீரில் கொஞ்சம் புளியைக் கரைத்து அதில் போடுவார்கள். காய் கறுக்காமல் இருக்க வேண்டியது புளிப்பு, அது மோரிலிருந்து வந்தால் என்ன, புளியிலிருந்து வந்தால் என்ன? கருணைக்கிழங்கையும் சேனையையும் புளித்தண்ணீரில் வேகவைப்பதும் இதே யுக்திதான். அந்தக் கிழங்குகளில் ஊசி ஊசியாய் இருக்கிற கால்சியம் ஆக்ஸலேட்தான் நாக்கையும் தொண்டையையும் அரிக்கச் செய்கிறது; அதைத் தணிக்கவே புளி. சாப்பாட்டின் முடிவில் மோர்ச்சோறு இருக்கவேண்டிய ஸ்தானத்தில், முதல் நாள் சோற்றில் ஊற்றி வைத்துப் புளித்த நீராகாரத்தில் உப்பைப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்போம். தயிருக்கு ஏங்குகிற நாக்குக்கு வேண்டிய புளிப்பு அதில் இருந்தது.

இந்தச் சமையலை ‘நாட்டுக்காய்ச் சமையல்’ என்று சொல்லி, கோஸையும் பீட்ரூட்டையும் ‘இங்கிலீஷ் காய்’ என்று ஒதுக்குகிற வழக்கம் எங்கள் பக்கத்திலும் உண்டு. மஹாளய பட்சத்தில் அது மிகக் கண்டிப்பாகிவிடும். ஆனால் பறங்கியும், சர்க்கரைவள்ளியும், குழம்புக்கு உயிரான மிளகாயும், துவையல் அரைக்கிற வேர்க்கடலையும், ஐரோப்பியக் கப்பல்கள் வந்த பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்த மண்ணுக்குக் குடியேறியவை என்பதை நினைத்தால், நாட்டுக்காய் ஆவதற்கு ஜாதகம் வேண்டியதில்லை, நாலு தலைமுறை கொல்லையில் காய்த்தால் போதும் என்று தோன்றுகிறது.

பிறகு காலம் மாறியது. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் போட்டதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஆலைகள் பெருகி, 2010-இல் ஒரகடத்திலும் பெரிய கார் ஆலை திறக்கப்பட்ட பொழுது, மணிமங்கலத்தைச் சுற்றியுள்ள நிலங்கள் மனைகளாகிவிட்டன. எங்கள் கொட்டகை இருந்த இடத்தில் வாடகை அறைகள் எழுந்தன. மாடுகளை விற்றோம். இதில் ஒரு விநோதம் என்னவென்றால், மாடு போன பிறகுதான் எங்கள் வீட்டில் தயிர் தினப்படி விஷயமாயிற்று. நீல உறையிலும் பச்சை உறையிலும் வருகிற பால் பாக்கெட்டுகள் விடியற்காலையில் வாசலில் வந்து விழ, முன்பு அந்த நேரத்தில் வாசலை விட்டுப் போய்க்கொண்டிருந்த பால் இப்பொழுது வாசலுக்கு வரலாயிற்று. 1970-இல் ஆரம்பித்த வெண்மைப் புரட்சி நாடு முழுவதும் செய்த காரியத்தின் ஒரு சிறு பிம்பமாக எங்கள் வாசலை வைத்துக்கொள்ளலாம்.

அந்த வசதி எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்வதற்கில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கியபோது, சாலைகள் துண்டிக்கப்பட்டு, மின்சாரம் நின்று, பால் பாக்கெட்டுக்காக ஜனங்கள் அலைந்தார்கள். என் தமக்கை பரணிலிருந்து ஒரு பறங்கிக்காயை இறக்கினாள். கொத்தவரை வற்றலும், மணத்தக்காளி வற்றலும், காராமணியும் டப்பாக்களில் இருந்தன. வெள்ளம் வடியும் வரையில் எங்கள் அடுப்பு பழைய கணக்கிலேயே எரிந்தது. நன்றாக முற்றிய பறங்கிக்காய் காம்போடு இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. அதற்குக் குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

தமக்கையின் பேத்தி பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறவள். பிராணிகளை வருத்திப் பெறுகிற எதையும் உண்பதில்லை என்று தீர்மானித்து, ஒரு தீபாவளிக்கு வந்தபோது, ஓட்ஸ் பாலும் பாதாம் பாலும் முந்திரியில் செய்த பாலாடைக்கட்டியும் டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து அடுக்கினாள். என் தமக்கை ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து, விலையையும் கேட்டுக்கொண்டு, “இதெல்லாம் எதுக்குடி கண்ணு? பாலு இல்லாம நாங்க சோறு துன்னலையா?” என்றாள். மறுநாள் அவள் சமைத்தது அவரைக்காய்ப் பொரியலும், கடைந்த கீரையும், சேப்பங்கிழங்கு வறுவலும், காராமணிக் குழம்புமே. சாப்பிட்டுவிட்டுப் பேத்தி, “ஆயா, இதுல எதையுமே எனக்காக மாத்தலையா?” என்று கேட்டாள். மாற்றுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

அந்தப் பெண்ணின் தீர்மானத்தை நான் இலேசாக எண்ணவில்லை. காந்தியடிகள் கறவை மாடுகளைக் கொடுமைப்படுத்திப் பால் கறப்பதைப் பற்றி அறிந்து 1912-இல் டால்ஸ்டாய் பண்ணையில் பாலைத் துறந்தவர். 1918-இல் கடும் நோயில் விழுந்தபோது, கஸ்தூரிபாயின் யோசனையால் ஆட்டுப்பால் குடிக்க நேர்ந்ததைக் கடைசி வரை தம் சத்தியத்துக்கு ஏற்பட்ட ஊனமாகவே கருதி வருந்தினார். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்ஸனும் அவருடைய நண்பர்களும் இதையே ஓர் இயக்கமாக்கினார்கள். அவர்கள் மனசாட்சியின் வழியாக வந்து சேர்ந்த இடத்துக்கு எங்கள் ஆயா பால்காரரின் அளவுப் படியின் வழியாக வந்து சேர்ந்தாள். நோக்கம் வேறானாலும் சட்டியில் வெந்தது ஒன்றே. மனசாட்சி உள்ளவர்களுக்குச் சமையல் தெரிந்தவர்களின் துணை வேண்டும் என்பதே நான் கண்ட உண்மை.

எங்கள் வாடகை அறை ஒன்றில் ஒடிசாவின் கஞ்சாம் ஜில்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இருந்தார். ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. தீபாவளி சமயத்தில் ஒரு நாள், தமக்கை களத்தில் உலர்த்தியிருந்த சேப்பங்கிழங்கைச் சுட்டிக்காட்டி, “அம்மா, கொஞ்சம் தருவீங்களா?” என்று தயங்கிக் கேட்டார். அவர்கள் ஊரில் கார்த்திக மாசம் முழுவதும் மீனும் மாமிசமும் தொடமாட்டார்களாம்; பறங்கியும் வாழைக்காயும் சேப்பங்கிழங்கும் பருப்போடு சேர்த்து, வெங்காயம் பூண்டு இல்லாமல் டால்மா என்று சமைப்பார்களாம். ஊரில் நெய்யில் தாளிப்பது வழக்கமானாலும், அறையில் நெய் இல்லாததால் எண்ணெயில் தாளித்து, வறுத்துப் பொடித்த சீரகமும் மிளகாயும் தூவி, ஒரு கிண்ணத்தில் எங்களுக்கும் கொண்டுவந்து கொடுத்தார். தமக்கை ருசி பார்த்துவிட்டு, “நம்ம கூட்டுதான் தம்பி, தேங்காய்தான் இல்லை” என்று தீர்ப்புச் சொன்னாள். எங்கள் புரட்டாசி முடிகிற தறுவாயில் அவர்களுடைய கார்த்திகம் தொடங்குகிறது. மழைக்காலத்துக் கிழங்கும் பறங்கியும் இரண்டு ராஜ்யங்களுக்கும் பொது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். அரிசியும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றில் குறைந்த புரதச் சத்தை மற்றொன்று நிரப்பும். கீரையின் இரும்புச் சத்து உடம்பில் சேர எலுமிச்சையும் நெல்லியும் உதவும். ஆனால் பி-12 என்னும் வைட்டமின் தாவர ஆகாரத்தில் நம்பத்தக்க அளவில் கிடையாது. எங்கள் வீட்டில் பத்து மாதம், பதினொரு மாதம் இப்படிச் சாப்பிட்டாலும், இடையிடையே ஏரி மீனும் நோய் வந்தால் பாலும் இருந்தன. முழுமையாக விட்டவர்கள் மருத்துவரைக் கேட்டு அதற்கான மாத்திரையை எடுத்துக்கொள்வதே விவேகம். பழம்பெருமை பேசி அதை மறைப்பது முறையாகாது.

ஆகையால், பாலும் நெய்யும் சேராமல் சமைக்க விரும்புகிற வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: விலையுயர்ந்த டப்பாக்களைத் தேடிப் போகாதீர்கள், புரட்டாசிக்கும் மார்கழிக்கும் இடையில் தெருவோரத்துக் கூடையில் எது மலிவாகக் குவிந்திருக்கிறதோ அதை வாங்குங்கள், நல்லெண்ணெயில் தாராளமாகத் தாளியுங்கள், வெங்காய வடகம் போடத் தெரிந்த பாட்டிமார் உங்கள் ஊரில் யாராவது இருந்தால், அடுத்த சித்திரை வெயில் போவதற்குள் அவர்களிடம் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.